மீட்ட நாய்க்குட்டி வீட்டுக்கு வருமுன்: வயது, ஊசி, சாப்பாடு, முதல் இரண்டு மாதங்கள்

கேள்வி இது: சென்னையில் இரண்டாம் மாடி அடுக்ககம். கணவன், மனைவி, ஏழு வயது மகள். தெருவில் மீட்ட நாட்டு நாய்க்குட்டி ஒன்றை அடுத்த வாரம் தருவதாகத் தன்னார்வலர்கள் சொல்லியிருக்கிறார்கள். வயது "ஒன்றரை மாதம் இருக்கும்" என்கிறார்கள். வீட்டில் யாரும் இதற்கு முன் நாய் வளர்த்ததில்லை. என்னென்ன வாங்க வேண்டும், எப்போது ஊசி, என்ன சாப்பாடு?

வாங்க வேண்டியது குறைவுதான், அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. தெருவிலிருந்து வந்த குட்டியை முதல் மாதத்திலேயே இழக்கிறவர்கள் பெரும்பாலும் பார்வோ வைரஸிலோ (வாந்தி, பேதியோடு குடலைத் தாக்குவது) டிஸ்டெம்பரிலோ (சளி, இருமலில் தொடங்கி நரம்பு வரை போகும் வைரஸ் நோய்) குடற்புழுவிலோ தப்பான சாப்பாட்டிலோதான் இழக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. தடுக்கும் வேலை குட்டி வந்த பிறகு தொடங்குவதல்ல, இந்த வாரமே தொடங்க வேண்டியது.

முதலில் வயதை உறுதி செய்யுங்கள். "ஒன்றரை மாதம்" என்பது பல நேரம் நான்கு வாரமாக இருக்கும். குட்டியின் உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கோரைப்பல் மூன்று, நான்கு வாரத்தில் ஊசி முனைபோல எட்டிப் பார்க்கும். பின்னால் கடைவாய்ப் பக்கம் பற்கள் ஆறு வாரத்தையொட்டித் தெரியும். எட்டு வாரம் முடியும்போது பால்பற்கள் 28-ம் வந்திருக்கும். முன்பற்கள் மட்டும் இருந்து பின்னால் ஈறு வழுவழுப்பாக இருந்தால் அது இன்னும் பால்குடி.

அப்படியானால், தாய் உயிரோடு, ஆரோக்கியமாக, பாதுகாப்பான இடத்தில் இருக்கும்பட்சத்தில் எட்டு வாரம் வரை தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் நாட்களில் தாய்க்கு நீங்கள் சாப்பாடு போடலாம், மருத்துவரிடம் கேட்டுப் பூச்சி மருந்தும் கொடுக்கலாம். குட்டிக்குச் செய்யும் நல்ல காரியங்களில் அது முதல் வரிசை. பால் ஒரு காரணம் மட்டும்தான். உடன்பிறந்த குட்டியைக் கடித்து, அது "கீச்" என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. நான்கு வாரத்தில் பிரித்தெடுத்த குட்டி உங்கள் மகளின் கையைப் பலமாகக் கடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தாய் இறந்துவிட்டது, இடம் ஆபத்தானது என்றால் வேறு வழியில்லை, முன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம். அப்போது வேலை கூடும் என்று தெரிந்து எடுங்கள்.

கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கடந்த இரண்டு வாரத்தில் இதன் கூடப் பிறந்த குட்டிகளோ, அதே இடத்தில் இருந்த வேறு குட்டிகளோ வாந்தி, பேதி வந்து இறந்தனவா? பூச்சி மருந்து எந்தத் தேதியில், எந்த மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள்? ஊசி போட்டிருந்தால் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகம் உண்டா? இப்போது என்ன சாப்பிடுகிறது? முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் குட்டியை மறுக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், அடுத்த பதினான்கு நாள் ஒவ்வொரு வேளையும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். பார்வோ உள்ளே புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். வரும்போது துள்ளிக்கொண்டிருந்த குட்டி ஐந்தாம் நாள் சுருண்டு படுப்பது இதனால்தான்.

அதேபோல உங்கள் வீட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதே வீட்டில், படிக்கட்டில், பக்கத்து வீட்டில் கடந்த ஓராண்டில் ஏதாவது குட்டி பார்வோவில் இறந்ததா? பார்வோ வைரஸ் நிழலான ஈரமான இடத்தில் மாதக்கணக்கில், ஏன் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். ஃபினாயிலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அது அசராது. அதை அழிப்பது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் திரவம். 5 சதவீதக் கரைசல் கடையில் கிடைக்கும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. முதலில் சோப்பு போட்டு அழுக்கு, மலம், மூத்திரம் எல்லாம் போகக் கழுவிவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும், மூத்திரத்தோடு கலந்தால் மூச்சு முட்டும் ஆவியும் வரும். கழுவிய தரையில் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே நிற்கவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பின் குட்டியை விடுங்கள். தினமும் வீடு துடைக்க ஃபினாயிலையும் டெட்டாலையும் இனி நிறுத்திவிடுங்கள். குட்டி தரையை நக்கும், பாதத்தை நக்கும், அவையெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

இப்போது வீடு. மொத்த வீட்டையும் திறந்துவிடாதீர்கள். கூடத்தின் ஒரு மூலையில், குடும்பம் புழங்கும் இடத்தில், ஆறடிக்கு நான்கடி அளவில் ஒரு தடுப்பு போதும். பாதி இடம் படுக்கை, மறுபாதியில் செய்தித்தாள். பால்கனிக் கம்பிகளுக்கு இடையில் உங்கள் கைமுட்டி நுழைந்தால் குட்டியின் தலையும் நுழையும். இரண்டடி உயரத்துக்கு வலை கட்டுங்கள். பிறகு தரையில் முழங்காலிட்டு, குட்டியின் கண் மட்டத்தில் வீட்டைச் சுற்றி வாருங்கள். தொங்கும் சார்ஜர் வயர், துணிகளுக்கிடையே போட்ட அந்துருண்டை, பூஜை அறைக் கற்பூரம், கரப்பான் சாக்பீஸ் கோடு, எலி மருந்து, தரையில் எரியும் கொசுவர்த்திச் சுருள் எல்லாம் அந்த மட்டத்தில்தான் கண்ணில் படும். அந்துருண்டையும் எலி மருந்தும் குட்டிக்கு உயிராபத்து. தொட்டியில் அரளி இருந்தால் மாடிக்கோ வேறு வீட்டுக்கோ போகட்டும், அதன் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத் துடிப்பைக் குலைக்கும். செங்காந்தள் கிழங்கும் கொடிய விஷம்தான்.

வாங்க வேண்டியவை: அடி கனத்த ஸ்டீல் கிண்ணம் இரண்டு, துவைக்கக்கூடிய பழைய போர்வை மூன்று, கழுத்துக்கு மென்மையான துணிப் பட்டை ஒன்று, சிறிய ஹார்னஸும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஐந்தடி வாரும், கடிக்க ரப்பர் பொம்மை இரண்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஐந்து கிலோ வரை எடை காட்டும் சமையல் தராசு, குட்டிகளுக்கான உலர் உணவு ஒரு சிறு பை. இரும்புச் சங்கிலி வேண்டாம். விலை உயர்ந்த மெத்தையும் வேண்டாம், அதை முதல் மாதமே கடித்துப் பஞ்சாக்கிவிடும்.

குட்டி வரும் நாள் சனிக்கிழமைக் காலையாக இருந்தால் நல்லது. இரண்டு நாள் வீட்டில் ஆள் இருக்கும், மருத்துவமனையும் திறந்திருக்கும். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியைத் தொடர்ந்து இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் தனியே விட முடியாது. அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு விடுமுறையையோ வீட்டிலிருந்து வேலையையோ இருவரும் மாற்றி மாற்றிப் பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு வழியே இல்லை என்றால் ஆறு மாதம் கடந்த நாயைத் தத்தெடுப்பது உங்களுக்கும் நாய்க்கும் பொருத்தம். அதில் குறைவொன்றும் இல்லை.

வந்த அன்று குளிப்பாட்ட வேண்டாம். அழுக்காக, நாற்றமாக இருந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் துடைத்து உடனே காயவையுங்கள். சிறு குட்டியின் உடம்பு சூட்டைத் தக்கவைக்கத் தெரியாதது. நனைந்த குட்டி மின்விசிறிக் காற்றில் குளிர்ந்துபோனால் சர்க்கரையும் இறங்கும், சோர்ந்துவிடும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவதையும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். இந்த வயதில் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்குவது இயல்பு. தூங்கும் குட்டியைத் தூக்கக் கூடாது என்பது மகளுக்கு முதல் பாடம்.

முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பார்ப்பதற்கு முன் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு சோதனை ஈறு. மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் விரல் நுனியால் ஒரு நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. ஈறே வெள்ளைக் காகிதம்போல இருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது, தெருக் குட்டியில் அதற்குக் கொக்கிப்புழு, தெள்ளுப்பூச்சி, உண்ணி மூன்றில் ஒன்றோ மூன்றுமோ காரணம். நாக்கும் ஈறும் பிறவியிலேயே கறுத்த குட்டி என்றால் கண்ணின் கீழ் இமையைச் சற்றே இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். உடல் வெப்பம் ஆசனவாயில் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். தொட்டுப் பார்த்து "காய்ச்சல் அடிக்குது" என்று முடிவு செய்யாதீர்கள், நாயின் இயல்பான சூடே நம்முடையதைவிட அதிகம்.

குடற்புழு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே கருவுக்குள் போய்விடும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே போகும். ஆக, மண்ணையே மிதிக்காத குட்டிக்கும் புழு இருக்கும். விலாவெலும்பு தெரிய, வயிறு மட்டும் பானைபோல உப்பியிருப்பதைப் பார்த்து "நல்லா சாப்பிட்டிருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் புழு. பூச்சி மருந்து இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரே தடவை கொடுத்து ஏன் முடிவதில்லை என்றால், குடலில் இருக்கும் வளர்ந்த புழுவைத்தான் மருந்து விரட்டும். திசுக்களில் ஒளிந்திருக்கும் இளம்புழுக்கள் இரண்டு வாரத்தில் குடலுக்கு வந்து வளரும், அவற்றைப் பிடிக்கத்தான் அடுத்த வேளை. அளவு எடையைப் பொறுத்தது, அதனால் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள். கண்மதிப்பில் "ரெண்டு கிலோ" என்பதற்கும் உண்மையான 1.3 கிலோவுக்கும் நடுவில் மருந்தின் அளவு எவ்வளவு மாறிவிடும் பாருங்கள். மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் சேமியாபோலப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், வேலை செய்திருக்கிறது. அதை உடனே அள்ளி அப்புறப்படுத்துங்கள், மகள் கையைச் சோப்பு போட்டுக் கழுவட்டும். இந்தப் புழுக்களின் முட்டையும் இளம்புழுவும் மனிதர்களையும், முக்கியமாகக் குழந்தைகளையும் தாக்கும்.

அடுத்து ஊசி. "ஊசி போட்டும் பார்வோ வந்து செத்துப்போச்சு, ஊசியே ஏமாற்று" என்ற பேச்சு எல்லாத் தெருவிலும் உண்டு. ஊசியில் ஏமாற்று இல்லை. தாய் முதல் நாட்களில் கொடுக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குள் போகின்றன. அவை குட்டியைக் காக்கும், ஆனால் அதே பொருள்கள் நாம் போடும் ஊசியையும் செயலிழக்க வைக்கும். வாரங்கள் போகப் போக அவை குறைகின்றன. ஒரு கட்டத்தில் நோயைத் தடுக்கப் போதாத அளவுக்கு இறங்கியிருக்கும், ஊசியைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் மீந்திருக்கும். அந்த இடைவெளி ஒரு குட்டிக்கு ஏழாவது வாரத்தில் வரும், இன்னொன்றுக்குப் பதின்மூன்றாவது வாரத்தில் வரும். எது எப்போது என்று வெளியே தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒன்று தவறினாலும் அடுத்தது பிடிக்க வேண்டும். கடைசி ஊசி பதினாறு வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும் என்பது மிக முக்கியம். "மூணு ஊசி போட்டாச்சு, முடிஞ்சது" என்று பன்னிரண்டாவது வாரத்திலேயே நிறுத்துவதுதான் நம்மூரில் அதிகம் நடக்கும் தவறு. ஊசி எத்தனை என்பதைவிடக் கடைசி ஊசி எந்த வயதில் என்பதைக் கேளுங்கள். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியும் இதையே சொல்கிறது. அதோடு, ஓராண்டு வரை காத்திராமல் ஆறு மாதத்தையொட்டி இன்னொன்றும் போட்டுவிடச் சொல்கிறது.

நடைமுறையில் ஆறாவது வாரத்தில் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் மட்டுமான "பப்பி டிபி" போடுவார்கள். ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு வாரங்களில் ஈரல் அழற்சியும் எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டு ஊசி. சென்னை மழையில், எலி நடமாடும் வாகன நிறுத்துமிடங்களில் எலிக்காய்ச்சல் நிஜமான ஆபத்து, அதை விட்டுவிட வேண்டாம். வெறிநோய் ஊசி மூன்று மாதம் முடிந்ததும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஒரு பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும். போடும்போது கூடவே நின்று பாருங்கள். குப்பி குளிர்பெட்டியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். உலர்ந்த மருந்து வில்லையில் திரவத்தைக் கலந்து அப்போதே ஏற்ற வேண்டும், காலையில் கலந்து வைத்ததை மதியம் போடக் கூடாது. குப்பியின் ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருக்கும் குட்டிக்கு அன்று ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். போட்ட அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கவனிக்க முடியும்.

பார்வோவின் வரிசை இப்படி இருக்கும்: முதலில் சாப்பாட்டை மறுக்கும், பிறகு நுரையாக வாந்தி, அதன்பின் தண்ணீராக, இரத்தம் கலந்து, ஒரு தடவை முகர்ந்தால் மறக்க முடியாத நாற்றத்துடன் பேதி. இரண்டாவது வாந்தியிலேயே கிளம்புங்கள், பேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குட்டியைக் கொல்வது நீரிழப்பும் சர்க்கரை இறக்கமும் குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமியும். நரம்பில் குளுக்கோஸும் உப்புநீரும் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு. வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். துவண்டு கிடந்தால் தேனோ குளுக்கோஸ் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே போங்கள். சென்னையில் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, 1903-இல் தொடங்கிய கல்லூரி. உங்களுக்குப் பக்கத்தில் இரவிலும் பார்க்கும் மருத்துவமனை எது என்பதை இந்த வாரமே போன் செய்து கேட்டு, குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அதிகாலை இரண்டு மணிக்குத் தேடுவதற்கு அப்போது நேரம் இருக்காது.

டிஸ்டெம்பர் வேறு மாதிரி வரும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல், பிறகு வெட்டி வெட்டி இழுக்கும் தசை. "குட்டிக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று வீட்டு வைத்தியம் பார்த்தபடி நாள் கடத்தாதீர்கள். பாராசிட்டமால், புரூபன் போன்ற நம் மாத்திரைகள் எதையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கடையில் கேட்டதை வாங்கித் தெளிக்காதீர்கள், வயது பார்த்து வாங்குங்கள். ஃபிப்ரோனில் ஸ்ப்ரே பிறந்த இரண்டாம் நாளிலிருந்தே பாதுகாப்பானது. கழுத்தில் சொட்டும் மருந்தும் மெல்லும் மாத்திரையும் பொதுவாக எட்டு வாரமும் இரண்டு கிலோவும் கடந்த பிறகு. மாட்டுக்கு அடிக்கும் மருந்து, பெட்ரோல், மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய்க் குளியல் எதுவும் வேண்டாம். நம்மூர்ப் பழுப்பு உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதி நாயின் மேல் இருப்பதில்லை, சுவர் இடுக்கிலும் கதவுச் சட்டத்திலும்தான் இருக்கிறது. அங்கே ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்துவிட்டுச் சுவரை விட்டால் மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் எர்லிக்கியா, பபேசியா இரண்டும் இதன் வழியாகத்தான் வருகின்றன.

சாப்பாடு. முதல் நான்கைந்து நாள் அங்கே சாப்பிட்டதையே கொடுங்கள், அது பிஸ்கட்டும் பாலுமாக இருந்தாலொழிய. புது இடத்தின் பதற்றமும் புதுச் சாப்பாடும் ஒரே நாளில் சேர்ந்தால் பேதி வரும், பிறகு அது பார்வோவா சாப்பாடா என்று இரண்டு நாள் தவிப்பீர்கள். அதன்பின் ஒரு வாரம் எடுத்து, கால், அரை, முக்கால் என்று புதியதைக் கலந்து மாற்றுங்கள்.

பசும்பால் வேண்டாம். தாய்நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் இருக்கும் பால்சர்க்கரையோ குட்டியின் குடலுக்கு அதிகம். தண்ணீர் கலந்து கொடுப்பது இன்னும் மோசம், இருக்கும் சத்தும் நீர்த்துப்போகும். ஐந்து வாரத்துக்குக் குறைந்த குட்டி என்றால் நாய்க்குட்டிகளுக்கான பால்பொடி வாங்குங்கள். ஆறு வாரம் தாண்டியதற்குப் பாலே தேவையில்லை.

உலர் உணவை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி இருபது நிமிடம் ஊறவையுங்கள். விரலால் நசுக்கினால் கட்டியில்லாமல் கூழாக வேண்டும். எட்டு வாரத்துக்குப் பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகலாம். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி வேண்டும், பெரும்பாலான குட்டி உணவுகளில் அது 90 முதல் 100 கிராம். மூன்று மாதம் வரை நான்கு வேளையாக, ஆறு மாதம் வரை மூன்று வேளையாக, பிறகு இரண்டு வேளையாகப் பிரியுங்கள். கிண்ணத்தை நாள் முழுக்க நிரப்பி வைக்காதீர்கள், சாப்பிட மறுத்தது உங்களுக்குத் தெரியாமலே போகும். வாரம் ஒருநாள் நிறுத்து எழுதுங்கள். நாட்டு நாய்க்குட்டி வாரத்துக்குச் சுமார் 300 முதல் 500 கிராம் ஏற வேண்டும். ஒரு வாரம் எடை அப்படியே நின்றால் மருத்துவரைக் கேட்கக் காரணம் இருக்கிறது.

வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்போம் என்றால் கொடுக்கலாம், ஆனால் தயிர்சாதம் சாப்பாடு ஆகாது. வளரும் குட்டியின் உணவில், நீர் நீக்கிய எடையில், குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும். தயிர்சாதத்தில் அந்த அளவு தேறாது. கோழியும் சோறும் சேர்த்தால் புரதம் சரியாகிவிடும், ஆனால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ஏறக்குறைய இல்லை. இரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பார்க்க உடம்பு எலும்பிலிருந்தே உருவும். மூன்று, நான்கு மாதத்தில் முன்னங்கால் வில்லாக வளையும், சோபாவிலிருந்து குதித்ததற்கே முறியும். "நல்லா கறி போட்டுத்தான் வளர்த்தோம்" என்று சொல்லும் வீடுகளில் நடப்பது இது. கழுவி, வேகவைத்து, காயவைத்து, மாவாக அரைத்த முட்டை ஓட்டுப்பொடி அரை டீஸ்பூனில் ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் இருக்கிறது. இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு நாள் தேவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீட்டுச் சாப்பாட்டுத் திட்டத்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதே நேரம், குட்டிகளுக்கான முழுமையான உலர் உணவு கொடுக்கிறவர்கள் அதற்குமேல் கால்சியம் டானிக் ஊற்றக் கூடாது. அதிகமானாலும் எலும்பு கோணும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், காபி, சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய், வேகவைத்த கோழி எலும்பு இவை எந்த வயதிலும் வேண்டாம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எடுங்கள்.

கழிப்பறைப் பழக்கம் உங்கள் கடிகாரத்தில் இருக்கிறது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்தில், விளையாட்டு முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்ச் செய்தித்தாளில் விடுங்கள். தரையை முகர்ந்து வட்டமடித்தால் இன்னும் சில நொடிதான் இருக்கிறது. சரியான இடத்தில் போனால் அங்கேயே, அந்த நொடியிலேயே ஒரு துண்டு உணவும் பாராட்டும். தவறான இடத்தில் போனால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதாலோ திட்டுவதாலோ குட்டி கற்பது ஒன்றுதான்: இவர்கள் கண்ணெதிரே போகக் கூடாது. பிறகு சோபாவுக்குப் பின்னால் போகும். இரண்டு மாதக் குட்டி விழித்திருக்கும்போது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது, இரவில் ஒருமுறையாவது எழ வேண்டியிருக்கும். சுத்தம் செய்ய அமோனியா கலந்ததைத் தவிர்த்து வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். அமோனியா வாசனை குட்டிக்கு "இங்கேதான் போகணும்" என்று சொல்லும்.

இரவில் அழும். "அழவிட்டா தானா பழகிடும்" என்பார்கள், கேட்க வேண்டாம். நேற்று வரை நான்கைந்து உடம்புகளின் சூட்டில் தூங்கியது. முதல் வாரம் அதன் பெட்டியை உங்கள் கட்டிலை ஒட்டி வையுங்கள், கையைத் தொங்கவிட்டால் தொட வேண்டும். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக வையுங்கள், சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள இடமும் விடுங்கள். தாயோ உடன்பிறப்போ படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தால் அந்த வாசனை பாதி வேலையைச் செய்யும். பிறகு இரவுக்கு இரவு பெட்டியை ஓரிரு அடி தள்ளிக் கூடத்துக்குக் கொண்டுபோகலாம்.

கடிக்கும். விளையாட்டுக் கடிதான், ஆனால் ஊசிப் பல். கடித்ததும் கையை வெடுக்கென இழுக்காமல் அசையாமல் நிறுத்தி, விளையாட்டை முடித்து அரை நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், பிறகு பொம்மையை நீட்டுங்கள். மகளும் நீங்கள் இருவரும் ஒரே மாதிரி செய்தால்தான் பலன். ஓடினால் துரத்தும், கத்தினால் இன்னும் உற்சாகமாகும். அதனால் மகளுக்கு "மரம்போல நில்" என்று சொல்லிப் பழக்குங்கள்.

தோல் கிழிந்தால் வேறு கணக்கு, அதில் தயவுதாட்சண்யம் வேண்டாம். தாய் யார், அதை எது கடித்தது என்று தெரியாத குட்டி. குட்டிகளுக்கும் வெறிநோய் வரும். ஊசி போட்ட நாய் என்ற பாதுகாப்பும் மூன்று மாதம் வரை இல்லை. பல் பட்டு இரத்தம் வந்தால், கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி. இரத்தம் வந்த காயம் என்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் எதிர்ப்புப் பொருள்) தேவைப்படும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரை இப்போதே கேட்பது நல்ல யோசனை.

இனி, ஊசி முடியும்வரை வெளியே விடக் கூடாது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? மூன்று வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் குட்டியின் மூளை "இதெல்லாம் பயப்பட வேண்டியதில்லை" என்ற கணக்கை எழுதும் காலம். அதைப் பூட்டிவைத்துக் கழித்தால் பெரிய நாயானபின் ஹெல்மெட் போட்டவரைப் பார்த்துக் குரைக்கும், லிஃப்டில் நடுங்கும். தரையில்தான் ஆபத்து, காற்றில் அல்ல. பிற நாய்கள் மூத்திரம் போன புல், பூங்கா, தெருமுனை, மருத்துவமனைத் தரை இவற்றில் கால் படக் கூடாது. தோள்பையில் போட்டு, தினமும் இருபது நிமிடம், வாசலில் நின்று ஆட்டோ, பள்ளி வேன், குப்பை வண்டி, குடை, ஹெல்மெட், காய்கறிக்காரர் குரல் எல்லாம் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கோழி. வீட்டுக்குள் மிக்சியைப் பக்கத்து அறையில் தொடங்கிக் கிட்டே கொண்டுவாருங்கள், குக்கர் விசிலையும் அப்படியே. தீபாவளி நெருங்குகிறது என்றால் பட்டாசு ஒலியைப் போனில் மிக மெல்லமாக, சாப்பிடும் நேரத்தில் போட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். தினமும் பாதத்தைப் பிடித்து விடுங்கள், காதைத் திறந்து பாருங்கள், வாயைத் திறந்து பாருங்கள். நகம் வெட்டும்போதும் மருத்துவர் தொடும்போதும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

அடுக்ககச் சங்கத்தில் யாராவது ஆட்சேபித்தால், குடியிருப்போர் வளர்ப்புப் பிராணி வைத்திருப்பதைச் சங்கம் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனாலும் முதல் வாரமே பக்கத்து வீட்டுக்காரரிடம் நீங்களே போய், "சின்னக் குட்டி, பத்து நாள் இரவில் அழும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அந்த வழிகாட்டுதல் செய்யாததை இது செய்யும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கருத்தடை ஆறு மாதத்தையொட்டி. பெண் குட்டி என்று தயங்கிப் பின்வாங்காதீர்கள். தெருவில் கைவிடப்படுவதில் பெண் குட்டிகளே அதிகம், அந்த ஒரு அறுவையோடு குட்டி போடும் கவலையும் பின்னாளில் வரும் கருப்பைச் சீழ் ஆபத்தும் போய்விடும். மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வெறிநோய் ஊசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. நாயை அடையாளம் காட்டும் மைக்ரோசிப்பை வெறிநோய் ஊசி போடும் அன்றே தோளுக்கிடையில் போட்டுவிடலாம். ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உரிமத்துக்கும் கேட்பார்கள், ரயிலில் ஊருக்குக் கூட்டிப்போகும்போதும் கேட்பார்கள், நள்ளிரவில் வேறொரு மருத்துவர் முன் நிற்கும்போது அவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.